ரத்துப் பிரதி

பேனரில் ராஜ்மோகனின் முகம் நான்கடிக்கு நான்கடி இருந்தது. முகத்துக்குக் கீழே 'அச்சுப் படக்கலை: வரலாறும் அடிப்படை முறைகளும், இரண்டு நாள் பயிலரங்கு' என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். அதற்கும் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போனால் தெரிகிற எழுத்தில், 'ஒருங்கிணைப்பு: உத்திராபதி, ஓவிய ஆசிரியர்'. அது நான்.

கையால் அச்சுப் போடுவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விழாவுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் எதற்கு என்று தலைமையாசிரியை தேவிகாவிடம் கேட்டேன்.

"பேனர் இல்லாம போட்டோ எடுத்து அனுப்புனா, விழா நடந்துச்சுன்னு யாரு சார் நம்புவா?" என்றார்.

நியாயம்தான். காரைக்காலில் இருபத்திரண்டு வருஷமாக ஓவிய வாத்தியாராக இருக்கிறேன். பேனர் இல்லாமல் நடந்த எதையும் நானும் நம்பியதில்லை.

ராஜ்மோகன் என்னோடு கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்தவன். பேனரில் அவர், எனக்கு அவன். இப்போது சென்னையில் பெரிய ஆள். கதர் ஜிப்பா, தோள்வரை முடி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் கண்ணை மூடி மூன்று வினாடி காத்திருக்கிற பழக்கம். ஒன்பதரை மணி விழாவுக்குப் பதினொன்றே காலுக்கு வந்தான். புரொஜெக்டர் அவனுக்கு முன்பே வந்து, அவன் வருவதற்குள் செத்தும் போயிருந்தது.

அதனாலெல்லாம் உரையை மாற்றிக்கொள்கிறவன் இல்லை அவன். "இங்கே நீங்கள் காண்பது ஜப்பானிய மரச்செதுக்கு" என்று வெள்ளைச் சுவரைக் காட்டினான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள். "இந்த நீலத்தின் மௌனத்தைக் கவனியுங்கள்." கவனித்தார்கள். சுவரில் ஒரு பல்லி மட்டும் மௌனமாக இல்லை. முக்கால் மணி நேரம் இப்படி உலக வரலாறு முழுவதையும் சுண்ணாம்பில் காட்டிவிட்டு, கடைசியில் மேசையைத் தட்டினான்.

"பிரதி என்பது சத்தியம். எண்ணிக்கை என்பது விரதம். ஐந்து பிரதி என்று எழுதிவிட்டு ஆறாவதைப் போடுகிறவன் கலைஞனே அல்ல!"

கைதட்டல். தேவிகா மேடம் பொன்னாடை போர்த்தினார். இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள். நாற்பது பிள்ளைகளும் நானும் மிஞ்சினோம்.

நான் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். சீனாக்காரன் மரத்தில் செதுக்கினான். ஐரோப்பாவில் செம்புத் தகட்டைக் கீறி, கீறலுக்குள் மையை நிரப்பினார்கள். ஜெர்மனியில் ஒரு நாடகக்காரர் சலவைக்குப் போட்ட துணிகளைக் குறித்துக்கொள்ளக் காகிதம் கிடைக்காமல் கல்லில் எழுதப் போய்க் கல்லச்சு பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பிற்பாடு நம் வீடுகளில் தொங்கிய சாமி காலண்டரெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இதோ இருக்கிற தரங்கம்பாடியில், பஸ்ஸில் அரை மணி, முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அச்சுக்கூடம் வைத்துவிட்டார்கள். மேட்டில் மை ஒட்டினால் ஒரு முறை, பள்ளத்தில் மை தங்கினால் இன்னொரு முறை, வழவழப்பான கல்லில் எண்ணெயும் தண்ணீரும் சண்டை போட்டுக்கொண்டால் மூன்றாவது முறை, ஓட்டை வழியாக மை இறங்கினால் நான்காவது. அவ்வளவுதான்.

"நாலாவது எங்கப்பா பண்ணுவாரு சார்" என்றான் எழிலன். கிளிஞ்சல்மேட்டுப் பையன். அவன் அப்பா படகுகளுக்குப் பதிவு எண் எழுதுகிறவர். "தகட்டுல நம்பர வெட்டி, படகு மேல வச்சு, பெயிண்ட் அடிச்சு எடுத்துருவாரு. பத்து நிமிசம்."

"அப்ப உங்கப்பாதான்டா இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்க வேண்டிய ஆளு."

"அவருக்கு ஜிப்பா இல்ல சார்."

செதுக்குவதற்கு லினோலியம் விரிப்பு வாங்கப் பட்ஜெட்டில் இடமில்லை. இருந்த இடத்தைப் பேனர் அடைத்துக்கொண்டது. அறுந்த ரப்பர் செருப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். குதிகால் பக்கம் செதுக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. பிள்ளைகள் பிள்ளையாரைச் செதுக்க ஆரம்பித்ததும் நானே பயந்து, பூ, மீன், தென்னைமரம் மட்டும் என்று சட்டம் போட்டேன். கருக்களாச்சேரியிலிருந்து வருகிற நிலா செருப்பைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு நாக்கு மீன்.

"மீன செதுக்குறதுக்கு மீனையே வச்சு அடிச்சா என்ன சார்? இது தட்டையா இருக்கு, தோதா இருக்கும்."

துடைத்து, மை பூசி, தாளை வைத்துத் தடவி எடுத்தாள். செதில் செதிலாக, துடுப்பின் ஒவ்வொரு முள்ளோடும் மீன் தாளில் வந்து படுத்துக்கொண்டது. வகுப்பே எழுந்து நின்றது. நிலா மட்டும் திருப்தி இல்லாமல் மீனையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சார், தலை அந்தப் பக்கம் போயிடுச்சு."

"அச்சுன்னா அப்படித்தான். கட்டையில வலது பக்கம் இருக்கிறது தாள்ல இடது பக்கம் வரும்."

"அப்ப கட்டையப் பாத்தா நெசம் தெரியாதா?"

"தெரியாது" என்றேன். "நாளைக்கு ஒரு மரக்கட்டை கொண்டாந்து காட்டுறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு மரக்கட்டை.

மறுநாள் காலை அதைக் கிரைண்டருக்கு அடியிலிருந்து உருவினேன். அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள்.

"அந்தம்மாவ எங்க கெளப்புறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"வேற கட்டையே இல்லியா ஊர்ல?"

"நான் உருப்படியா செதுக்குனது இது ஒண்ணுதானே."

"சாயந்தரம் பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க. கிரைண்டர் ஆடும்."

அந்தம்மா என்பது உமாமகேஸ்வரி. ஓரடி உயரத் தேக்குப் பலகையில் நான் செதுக்கிய முகம். எங்கள் அடுப்படித் தளம் ஒரு பக்கம் தாழ்வு. பத்தொன்பது வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், கிரைண்டர் ஓடுகிற வேகத்தில் நகர்ந்து போய்க் கதவை இடித்தது. தையல்நாயகி என் பெட்டியைக் கிளறி, சரியான கனத்தில் இருந்த ஒரே பொருளை எடுத்தாள். யார் இது என்றாள். கூடப் படித்த பெண், பயிற்சிக்காகச் செதுக்கியது என்றேன். "பயிற்சி நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். அதோடு வழக்கு முடிந்தது. முகத்துக்கு ஒரு பால் கவரைப் போட்டு, குப்புற வைத்து, கிரைண்டர் காலை அதன் மேல் ஏற்றினாள்.

உமா காரைக்காலில் சொல்தா வீட்டுப் பெண். குடும்பத்தில் யாராவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்திருந்தால் அந்த வீட்டை இங்கே இன்னும் அப்படித்தான் சொல்வோம். நான் நெடுங்காட்டுப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் இருவரும் கும்பகோணம் போவோம், வெள்ளிக்கிழமை திரும்புவோம். நாலு வருஷம். பேரளம் தாண்டியதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். நான் பார்த்ததெல்லாம் ஒரு பக்கக் கன்னம், காதுக்குக் கீழே ஒரு மச்சம், காற்றில் நிற்காத முடி. அதைத்தான் செதுக்கினேன். காதலித்தேன் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும்; சொல்லவே இல்லை என்பதால் அது சிறிதாகவும் ஆகவில்லை.

கடைசி வாரத்தில் இருவருமாக இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்றின் அடியில் 1/2 என்று எழுதி அவளுக்கு. மற்றதில் 2/2 என்று எழுதி எனக்கு. பேச்சு எப்போதும் போல மையைப் பற்றித்தான்.

"கட்டையக் கீறிடு உத்திரா. மூணாவது வேணாம்" என்றாள்.

"நாளைக்குக் கீறிடறேன்."

நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. என்னிடம் நெடுங்காட்டு ரேஷன் கார்டு இருந்தது. உமா பாரிசுக்குப் போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நான் இன்னும் கீறவில்லை.

கஜா புயலில் ஓடு பறந்து அலமாரிக்குள் தண்ணீர் இறங்கியபோது என் 2/2 கூழாகிப் போயிற்று. அதற்குப் பிறகு கட்டை மட்டும்தான். கட்டையில் அவள் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறாள். மச்சம் தப்பான காதுக்குக் கீழே இருக்கிறது. தையல்நாயகி திருநள்ளாறு போயிருந்த ஒரு சனிக்கிழமை, பலகையை உருவிக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு தேக்குப் பலகை தெரிந்தது. அதன் மேலே என் வழுக்கை தெரிந்தது. உமா தெரியவில்லை. மை பூசி ஒரு தாளை வைத்துத் தேய்த்திருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்திருப்பாள். செய்யவில்லை. கீறுகிறேன் என்ற வாக்கை ஏற்கெனவே தின்றாயிற்று. மூன்றாவது போடுவதில்லை என்ற பாதியையாவது மிச்சம் வைப்போமே என்று ஓர் அற்பப் பெருமை. ஊரில் எல்லாருடைய பெருமையையும் கிண்டல் செய்கிற நான், என்னுடையதைக் கிரைண்டருக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

வகுப்பில் பலகையை மேசைமேல் வைத்ததும் பிள்ளைகள் சுற்றி மொய்த்தார்கள். எது மேடு, எது பள்ளம், எந்த இடம் கறுப்பாக வரும், எது வெள்ளையாக விடுபடும் என்று விரலால் தடவிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து, நிறைவு விழாவுக்கு வந்த ராஜ்மோகன் உள்ளே நுழைந்தான். பலகையைப் பார்த்தான். இந்த முறை கண்ணை மூடிக் காத்திருக்கவில்லை.

"டேய், இது நம்ம உமா இல்ல?"

நாற்பது தலைகள் என் பக்கம் திரும்பின.

"கூடப் படிச்சவங்க" என்றேன் பிள்ளைகளிடம்.

"போன வருஷம் பாரிசுல கண்காட்சி வச்சப்ப அவ வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்டா. இந்தப் படம் ஹால்ல தொங்குது! அவ பொண்ணு என்னக் கேக்குது, அங்கிள், அடியில ரெண்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கே, இன்னொண்ணு யார்ட்ட இருக்குன்னு. நான் என்னத்தக் கண்டேன்? உங்கம்மாவக் கேளுன்னுட்டேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"உமா என்ன சொன்னா?"

"ம்?"

"என்ன சொன்னாடா?"

ராஜ்மோகன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் கொடுமை.

"ஞாபகம் இல்லடா. அப்பதான் சீஸ் கொண்டாந்து வச்சாங்க. நாலு தினுசு."

மூன்று கண்டத்தில் கண்காட்சி வைத்தவன். நீலத்தின் மௌனம் வரை கேட்கிற காது. நான் இருபத்தெட்டு வருஷமாகக் கேட்க நினைத்த ஒரே வாக்கியம் அந்தக் காதின் வழியாகப் போய், நாலு தினுசுப் பாலாடைக்கட்டிக்கு அடியில் புதைந்துவிட்டது.

"சரி, விடு" என்றான் அவன். "ஒண்ணு பண்ணுவோம். இதுல பத்துப் பிரதி அடி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். மேடத்துக்கு ஒண்ணு, விழாவுக்கு வர்ற பெரிய மனுஷங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. நினைவுப் பரிசு! சால்வைய விட நல்லாருக்கும்."

"இது ரெண்டு பிரதிதான்."

"யாருக்குடா தெரியப் போவுது?"

"நேத்து விரதம்னு சொன்னீங்களே சார்" என்றாள் நிலா. கையில் இன்னும் மீன் வாசம் போயிருக்காது. குரலில் மரியாதை குறையவில்லை, அதனால் அடி நன்றாகப் பட்டது.

ராஜ்மோகன் கண்ணை மூடினான். மூன்று வினாடி கழிந்தது. ஐந்தும் கழிந்தது. "அது கோட்பாடும்மா" என்றான்.

நிலா என் பக்கம் திரும்பினாள். "ரெண்டோட முடிஞ்சிருச்சுன்னா, கட்டைய ஏன் சார் இன்னும் வச்சிருக்கீங்க?"

பாடம் நடத்துவது போல நடத்திவிடலாம் என்று நினைத்தேன். "முடிஞ்சதும் கட்டைய நடுவுல கீறிடணும். கீறுன பிறகு, ஒரே ஒரு தாள் அடிப்பாங்க. கீறல் தெரியற மாதிரி. அதுக்கு நம்பர் கிடையாது. ரத்துப் பிரதின்னு எழுதணும். இனிமே இந்தக் கட்டையிலேர்ந்து படம் வராதுங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி. எங்க வாத்தியாரு, படம் வச்சிருக்கிறவங்களுக்கு அத அனுப்பிடணும்னு சொல்வாரு."

"நீங்க கீறலியே சார்" என்றாள்.

"கீறல."

எழிலன் பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப கீறிட்டா, ஒரு தடவ பாக்கலாமா சார்? தப்பு இல்லாம?"

எனக்குத் தெரியாததா? தெரியும். எத்தனையோ வருஷமாகத் தெரியும். அவளை நேர்ப் பக்கமாக ஒரு தடவை பார்க்க வேண்டுமென்றால், முதலில் அவள் முகத்தில் உளியை வைக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றுதான் கிரைண்டரிடம் ஒப்படைத்திருந்தேன். அதை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன், மதிய உணவு மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலையைப் போலக் கேட்டான்.

உளியை எடுத்தேன். பலகையின் மேல் மூலையில், முடி அடர்ந்து முழுக்கக் கறுப்பாக வருகிற இடத்தில், ஓர் அங்குலம் கீறினேன்.

"சார், அது செல்லாது" என்றான் எழிலன்.

"ஏன்டா?"

"ஒடைக்கிற படகு நம்பர எங்கப்பா அழிப்பாரு. வேற யாரும் அந்த நம்பர எடுத்து ஓட்டிறக் கூடாதுல்ல? மூலையில அடிச்சா எவனாவது தொடச்சுட்டு ஓட்டிருவான்னு சொல்வாரு. நடுவுல அடிக்கணும். மேலேர்ந்து கீழ வரைக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "படகுக்காரரு பக்கத்துல நின்னு அழுவாரு சார். அப்பவும் நடுவுலதான் அடிப்பாரு" என்றான்.

நெற்றியில் உளியை வைத்தேன். தேக்கு நன்றாகக் காய்ந்திருந்தது. இருபத்தெட்டு வருஷம் காய்ந்தால் எதுவும் இறுகத்தான் செய்யும். புருவத்துக்கு நடுவே, கன்னத்தின் மேல், மச்சத்துக்கு ஒரு நூல் இந்தப் பக்கமாக, மோவாய் வரைக்கும். மரச்சுருள் ஒரே துண்டாகச் சுருண்டு வந்து மேசையில் விழுந்தது. ராஜ்மோகன் தொண்டையைக் கனைத்தான். ஆனால் எதுவும் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த உரை அதுதான்.

நிலா ரோலரால் மை பூசினாள். எழிலன் தாளின் இரண்டு ஓரத்தைப் பிடித்து இறக்கினான். நான் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். எவர்சில்வர் கரண்டி, சத்துணவுக் கூடத்தில் இரவல் வாங்கியது. தேய்க்கத் தேய்க்கத் தாளின் பின்பக்கம் முகம் மங்கலாக மேலே வந்தது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன்.

உமா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சரியான பக்கம். மச்சம் சரியான காதுக்குக் கீழே. முடி நிற்கவில்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு வெள்ளைக் கோடு, ஜன்னல் கம்பி குறுக்கே விழுந்தாற்போல.

பிறகு ஒருத்தி, "அழகா இருக்காங்க சார்" என்றாள். யார் என்று நான் பார்க்கவில்லை.

அடியில் பென்சிலால் 'ரத்துப் பிரதி' என்று எழுதினேன். நிலா கிளிப் மாட்டி, வகுப்பின் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் அவளுடைய நாக்கு மீன், இன்னொரு பக்கம் யாரோ செதுக்கிய செருப்புத் தென்னை.

"இத அவங்களுக்கு அனுப்பணுமா சார்?"

"அனுப்பணும்."

"உங்களுக்கு?"

"எனக்கு நம்பர் போட்டது ஒண்ணு இருந்துச்சு. அத நான்தான் நனைய விட்டேன்."

"இப்பவே குடு, நான் கூரியர்ல போட்டுடறேன்" என்றான் ராஜ்மோகன்.

"மை காயல" என்றேன். "விலாசம் மட்டும் அனுப்பு."

அவன் கார் கிளம்பிப் பேரளம் தாண்டுவதற்குள் விலாசம் போனில் வந்துவிட்டது. மனிதன் எதைத்தான் மறக்கிறான், எதைத்தான் மறக்கவில்லை என்று பாருங்கள்.

அன்று சாயந்தரம் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தையல்நாயகி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கீறல் மேல் விரலை ஓட்டினாள்.

"கீறிட்டீங்களா?"

"ம்."

ஒரு பால் கவரைக் கத்தரித்து, கழுவித் துடைத்து, முகத்துக்குப் போட்டாள்.

"இனிமே எதுக்கு கவரு?" என்றேன்.

"தண்ணி எறங்குனா மரம் ஊதிக்கும். ஊதுனா கிரைண்டர் ஆடும்" என்றாள்.

ஐப்பசி மாசம். கடலிலிருந்து மழை விடாமல் ஏறி வந்துகொண்டிருந்தது. நான் பயன்படுத்தியது ஆஃப்செட் பிரஸ்ஸில் கெஞ்சி வாங்கிய எண்ணெய் மை. நல்ல வெயிலில் மூன்று நாள், மழை ஈரத்தில் ஒரு வாரம் கூடப் பிடிக்கும். பயிலரங்கு முடிந்து பேனரைக் கழற்றி, தேவிகா மேடம் அதைச் சைக்கிள் ஷெட் ஒழுகுகிற இடத்தில் கட்டச் சொன்னார். ராஜ்மோகன் இப்போது மாணவர்களின் சைக்கிள்களை நனையாமல் காக்கிறான். அவனுடைய கலை முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பயன்பட்டது.

நான் தினமும் முதல் மணிக்கு முன்னால் வகுப்புக்குப் போவேன். படத்தின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைப்பேன். விரலில் கறுப்பு ஒட்டும். பிறகு தள்ளி நின்று பார்ப்பேன். ஐந்தாறு நிமிஷம். பேரளத்திலிருந்து கும்பகோணம் வரை போவதற்கு அது போதுமானதாக இருந்தது. திங்கள், ஒட்டியது. செவ்வாய், ஒட்டியது. புதன்கிழமை கொஞ்சமாக ஒட்டியது. மழை நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நெடுங்காட்டில் அறுவடைக்கு நின்ற குறுவைக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. நான் போவதற்கு முன்பே எழிலனும் நிலாவும் கொடியிலிருந்து படங்களைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீனும் தென்னையும் கழன்றாயிற்று. எழிலன் உமாவின் ஓரத்தில் விரலை அழுத்தி, எடுத்து, எனக்குக் காட்டினான். விரல் சுத்தமாக இருந்தது.

"காஞ்சிருச்சு சார். அனுப்பிடலாம்."

நானும் தொட்டுப் பார்த்தேன். தாள் பஞ்சு மாதிரி உலர்ந்திருந்தது. என் விரலிலும் ஒன்றுமில்லை.

"இன்னும் ஈரம் இருக்குடா" என்றேன்.

அவன் தன் விரலைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"தள்ளு" என்றாள் நிலா. படத்தின் நடுவில், வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், அழுத்தமான கறுப்பின் மேல் தன் விரலை வைத்து எடுத்தாள். அந்தச் சுத்தமான விரல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார், ஈரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, எழிலன் கையிலிருந்த கிளிப்பை வாங்கி, கழன்றிருந்த ஒரு மூலையைத் திரும்பவும் கொடியில் மாட்டினாள்.